கோடிக்கரை: வலையும் லென்ஸும்

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பே கோடிக்கரைச் சேற்றுப்பரப்பில் உள்ளான்கள் வந்து இறங்கிவிடும். அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான். அவற்றைத் தேடிப் போகிறவர்கள்தான் மாறிவிட்டார்கள்.

கோடிக்கரை சரணாலயமானது 1967இல். 1980களில், அது தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தபோது, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் அங்கே முகாமிட்டிருந்தார்கள். பீகாரிலிருந்து வந்த மிர்ஷிகார்கள், பறவை பிடிப்பதையே பரம்பரைத் தொழிலாகக் கொண்டவர்கள், வலை விரிப்பார்கள். அகப்பட்டதன் இறக்கையை அளந்து, எடை போட்டு, காலில் எண் பொறித்த அலுமினிய வளையத்தை மாட்டிப் பறக்கவிடுவார்கள். கரண்டிமூக்கு உள்ளான் இங்கே பதிவானது அந்த நாட்களில்தான். ரஷ்யாவின் வடகிழக்குக் கோடியான சுக்கோட்காவில் குஞ்சு பொரிக்கும் பறவை அது. உருவத்தில் கொசு உள்ளானைவிடச் சற்றே பெரியது. கரண்டிபோல விரிந்த அலகு நுனியும் பக்கவாட்டில் பார்த்தால் எளிதில் தெரியாது. பெருங்கூட்டத்தில் அதைப் பிரித்தறியப் பழகிய கண் வேண்டும். கையில் அகப்பட்டால் ஐயமே இல்லை. ஆனால் கழகத்தின் இதழில் அச்சேறும்வரை அந்தச் செய்தி வெளியார் காதுக்கு எட்டாது.

இன்று அதே கரை நாகப்பட்டினம் மாவட்டத்தில், 2002 முதல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில். வருகிறவர்கள் கையில் நீண்ட லென்ஸ். எடுத்த படம் அன்று மாலையே இ-பேர்ட் என்னும் இணையப் பறவைப் பதிவேட்டில் ஏறிவிடுகிறது. பெயர் தவறென்றால் எங்கோ இருக்கும் ஒருவர் திருத்துகிறார். பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் பள்ளிப் பிள்ளைகளும் சேர்கிறார்கள். முன்பு சிலருக்கே வாய்த்த அறிவு ஊருக்குப் பொதுவானது சிறிய காரியமன்று.

பார்க்கும் கண்கள் பெருகின, பறவை பெருகவில்லை. கரண்டிமூக்கு உள்ளான் வழியில் தங்கி இரை தேடும் மஞ்சள் கடலோரச் சேற்றுநிலங்கள் பெருமளவு தூர்க்கப்பட்டன. குளிர்காலக் கரைகளில் வலைக்கும் இரையானது. இன்று உலகில் எஞ்சியிருப்பவை சில நூறு. எவ்வளவு நல்ல லென்ஸாக இருந்தாலும் இல்லாத பறவையைக் காட்டாது.

இந்தப் பருவத்தில் கோடிக்கரைக்குப் போகிறவர்கள், படத்துக்காகக் கூட்டத்தைக் கிளப்பிப் பறக்கவிடாதீர்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து களைத்து வந்தவை அவை. காலில் வளையமோ வண்ணக்கொடியோ தெரிந்தால் எண்ணைக் குறித்து, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எழுதுங்கள்.