நாடக சபை நிலைப்பது எதனால்?

கடக்வாஸ்லா அணையினின்று இறங்கும் முட்டா ஆறு, புனே நகருக்குள் பால கந்தர்வ ரங்கமந்திரத்தின் அருகாகச் செல்கிறது. 1968-இல் திறக்கப்பெற்ற அவ்வரங்கை நம் அன்பர்களிற் பலர் கண்டிருப்பர். அதன் பெயருக்குரியவர் வந்த நாடக மரபை அறிவது இம்மண்ணில் வாழும் நமக்குப் பெரிதும் பயன் தருவதாகும்.

1880-ஆம் ஆண்டில் அண்ணாசாகேப் கிர்லோஸ்கர் 'சாகுந்தலம்' என்னும் மராத்தி இசை நாடகத்தைப் புனேயில் அரங்கேற்றினார். கிர்லோஸ்கர் நாடக மண்டலி அதனோடு பிறந்தது. 1885-இல் அவர் மறைந்தார். ஆயினும் சபை கலையவில்லை. பாட்டில் வல்ல பாவுராவ் கொல்ஹாட்கர் அதனைத் தாங்கி நின்றார். 1901-இல் அவரும் காலமானார். 1905-இல் நாராயண் ராஜஹன்ஸ் என்னும் பதினேழு வயது இளைஞர் வந்து சேர்ந்தார். லோகமானிய திலகர் 'பால கந்தர்வன்' என்று பாராட்டிய குரல் அவருடையது. பெண் வேடத்தில் அவர் தோன்றிப் பாடக் கேட்க மக்கள் திரண்டனர்.

1913-இல் பால கந்தர்வர், இசையமைப்பாளர் கோவிந்தராவ் டேம்பே, நடிகர் கணபதராவ் போடஸ் ஆகிய மூவரும் பிரிந்து சென்று கந்தர்வ நாடக மண்டலியைத் தொடங்கினர். தாய்ச் சபையோ தீனாநாத் மங்கேஷ்கர் என்ற சிறுவரை முன்னிறுத்திற்று. பாடகி லதாவின் தந்தையே இவர். 1918-இல் அவரும் விலகிப் பல்வந்த் சங்கீத மண்டலியைக் கண்டார். ஒரு மரத்தின் கிளைகள் பல தோட்டங்களில் வேர்கொண்டன எனலாம்.

கந்தர்வ சபையிலிருந்து டேம்பேயும் போடஸும் பின்னர் விலகினர். அகமது ஜான் திரக்வா போன்ற தபலா மேதைகள் அங்கு வாசித்ததுண்டு. 1921-இல் கேசவராவ் போசலேயின் சபையுடன் கூடித் திலகர் சுயராஜ்ய நிதிக்காக 'மானாபமான'த்தை நடித்ததும் உண்டு. எனினும் பட்டுக்கும் அத்தருக்கும் செய்த செலவு கடனாய் வளர்ந்தது. பேசும் படமும் வந்தது. எல்லாவற்றினும் மேலாக, அச்சபை ஒரே குரலை நம்பியிருந்தது. அக்குரல் தளர்ந்தபோது அந்த இடத்தில் நிற்க மற்றொருவர் இல்லை. 1967-இல் பால கந்தர்வர் மறைந்தார்.

நம் நாட்டிலும் இவ்வாறே நிகழ்ந்தது. சங்கரதாஸ் சுவாமிகளின் பால சபையில் 1918-இல் சேர்ந்து பயின்ற டி.கே.எஸ். சகோதரர்கள், 1925-இல் தனிச் சபை கண்டனர். அங்கிருந்து என்.எஸ். கிருஷ்ணனும் எஸ்.வி. சகஸ்ரநாமமும் புறப்பட்டு வந்தனர். சிறுவர்க்குப் பெரும் வேடம் தந்த சபைகள் பல தலைமுறைக்குக் கலைஞரை ஈந்தன.

புலம்பெயர்ந்த நம் சங்கங்களில் ஆண்டுதோறும் அதே பெரியோரே மேடையேறக் காண்கிறோம். பள்ளியில் மராத்தி பயிலும் நம் பிள்ளைகள் தமிழ் வசனத்தில் தடுமாறுவர் என அஞ்சி, அவர்களைத் திரை இழுக்க நிறுத்திவிடுகிறோம். தடுமாறினும் இவ்வாண்டு தலைமை வேடத்தை அவர்களுக்குத் தருவோம். கற்பிக்க மூத்தோர் அருகில் இருக்கும் காலம் இதுவே.