பழைய கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுதா? வெளியிலிருந்து உள்ளே வாங்க!

வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க ஒருவர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு இ-சேவை மையத்துக்கு வந்திருக்கிறார். ஸ்கேனர் வேலை செய்யவில்லை. "சிஸ்டம் சரியில்லைங்க, நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டால், அவருக்கு இன்னொரு நாள் கூலியும் போச்சு. அதனால், பழைய கணினி என்று கைவிடுவதற்கு முன், கீழே உள்ளவற்றை வரிசையாகப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். அப்போதுதான் எது சரிசெய்தது என்று தெரியும்.

1. கேபிளும் போர்ட்டும்: முன்பக்க யுஎஸ்பி போர்ட்கள் உள்ளே ஒரு கேபிள் வழியாக மதர்போர்டுடன் இணைகின்றன. அது தளர்ந்திருக்கலாம். பின்பக்க போர்ட்டில் நேரடியாகச் செருகிப் பாருங்கள். யுஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர் மின்சாரம்தான். தனி மின் இணைப்பு இல்லாத ஹப்பில் ஸ்கேனர், கைரேகைக் கருவி எல்லாவற்றையும் மாட்டினால் அது போதாமல் போகும்.

2. டிவைஸ் மேனேஜர்: கருவியின் பெயர் அருகே மஞ்சள் குறி இருந்தால், முதலில் டிரைவரைப் புதிதாக நிறுவிப் பாருங்கள். பெயரே வரவில்லையா? கேபிளை மாற்றுங்கள். பிறகு கருவியை வேறு கணினியில் சோதியுங்கள்.

3. தேதி: தினமும் காலையில் தேதி பழைய வருடத்தைக் காட்டினால், பாதுகாப்பான இணையதளங்கள் திறக்காது. நாம் சர்வர் மேல் பழி போடுவோம்! பெரும்பாலும் மதர்போர்டில் உள்ள 3 வோல்ட் பட்டன் பேட்டரிதான் தீர்ந்திருக்கும். பல கணினிகளில் அது சிஆர்2032 வகை. மாற்றிவிட்டுத் தேதியைச் சரிசெய்யுங்கள்.

4. உள்ளே உள்ள கார்டுகள்: நெட்வொர்க் கார்டோ கிராபிக்ஸ் கார்டோ விட்டுவிட்டு வேலை செய்தால், தூசியோ தளர்வோ காரணமாக இருக்கலாம். கணினியை அணைத்து, மின் பிளக்கைக் கழற்றுங்கள். பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்ட பிறகே உள்ளே கை வையுங்கள். திருகைக் கழற்றி, ஸ்லாட் முனையில் கொக்கி இருந்தால் விடுவித்து, கார்டை நேராக மேலே தூக்குங்கள். பொன்னிற முனைகளைப் பென்சில் ரப்பரால் மென்மையாகத் தேய்த்து, துகள்களைத் துடைத்துவிட்டு, முழுதாக உட்காரும்வரை அழுத்தித் திருகை மாட்டுங்கள். கிராபிக்ஸ் கார்டு இருந்தால், மானிட்டர் கேபிள் அந்தக் கார்டில்தான் மாட்டப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பவர் சப்ளை பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதற்குள் மின்சாரம் தேங்கியிருக்கும். மதர்போர்டில் கெப்பாசிட்டர்கள் உப்பியிருந்தாலும் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

சர்வீசுக்கு அனுப்பும் முன் ஒன்று: ஹார்டு டிஸ்கில் மக்களின் ஆதார், குடும்ப அட்டை நகல்கள் கிடக்கலாம். முடிந்தால் டிஸ்கைக் கழற்றி மையத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். நம்மை நம்பிக் கொடுத்த ஆவணங்கள் அவை.