உஷார்! நீங்கள் போட்டுக் கொடுத்தது முதல் பாட்டை மட்டும்தான்

ஆடி அமாவாசைத் தீர்த்தத்தன்று மட்டக்களப்பு அமிர்தகழியில் எந்த வீடும் அடங்கிக் கிடக்காது. மாமாங்கேஸ்வரர் கோயிலுக்கு வருகிற சனத்தில் கால்வாசி நம் வீட்டு ஹோலில் கால் நீட்டி இருக்கும். விரதச் சமையல் ஒரு பக்கம், குளிக்கப் போனவர்களின் ஈரத்துணி ஒரு பக்கம். கோயில் ஒலிபெருக்கியில் விடிந்ததிலிருந்து அறிவித்துக்கொண்டே இருப்பார்கள்: சிவப்புச் சட்டை போட்ட நாலு வயதுப் பிள்ளை ஒன்று நிற்கிறது, தாய் தகப்பன் உடனே வரவும். அந்தக் குரல் கேட்கும்போதெல்லாம் என் பேத்தி எங்கே என்று எட்டிப் பார்த்தேன். அவள் பாயில் படுத்துக்கொண்டு என் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை பத்திரமாக இருக்கிறாள் என்று அடுப்படிக்குத் திரும்பினேன்.

போனைக் கொடுத்தது நான்தான். கண்டதைப் போட்டுக் கொடுக்கவில்லை. தமிழில் ஒரு யானைப் பாட்டு, பிறகு பறவைகளின் பெயர், பிறகு எண்கள். மூன்றையும் நானே தேடி எடுத்து, கொஞ்சம் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

இரண்டு கிழமை கழித்து ஐந்து வயதுத் தடுப்பூசிக்குக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். வாசலிலேயே பிள்ளை தரையில் விழுந்தாள். ஊசிக்கு அழாத பிள்ளை எங்கே இருக்கிறது என்று முதலில் நானும் நினைத்தேன். "அம்மா, மிஸ் கண்ணுல குத்துவா. குத்திப்போட்டுச் சிரிப்பா" என்று கத்தினாள். அந்தச் "சிரிப்பா" என்ற சொல்லில் எனக்கு உடம்பு விறைத்துப்போனது. ஊசி போடுகிற மிஸ் சிரித்து எங்கள் பிள்ளை எங்கே கண்டது?

அன்றிரவு மகள் என் போனை வாங்கி யூடியூப் ஹிஸ்டரியைத் திறந்தாள். தீர்த்தத்தன்று மட்டும் 47 வீடியோக்கள். முதல் மூன்று என்னுடையவை. ஆறாவதில் தமிழ் நின்றுவிட்டது. பத்தாவதிலிருந்து எந்த மொழியும் இல்லை, சிரிப்பும் அழுகையும் மட்டும். அதற்கும் கீழே, பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்த ஒரு கார்ட்டூன் முகம், கட்டிலோடு கட்டிப் போட்டிருக்கிறது. பக்கத்தில் அதன் உயரத்துக்கு ஓர் ஊசி. "அம்மா, இதை ஆரு போட்டுக் குடுத்த?" என்று மகள் கேட்டாள். ஒருவரும் போட்டுக் கொடுக்கவில்லை. ஒன்று முடிய அடுத்தது தானாகவே வந்திருக்கிறது.

இது எங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த கெட்ட காலம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். 2017ஆம் ஆண்டு உலகமெங்கும் பெற்றோர் இதையேதான் கண்டு பதறினார்கள். பெப்பா பன்றிக்குட்டி பல் வைத்தியரிடம் சித்திரவதைப்படுகிறது, 'ஃப்ரோசன்' படத்து எல்சாவுக்கு ஊசி ஏற்றுகிறார்கள், ஸ்பைடர்மேன் குழந்தையைப் புதைக்கிறான். எல்லாம் பளபளவென்ற நிறத்தில், பிள்ளைப் பாட்டு இசையோடு. எல்சாவின் பெயரை வைத்தே அதற்கு 'எல்சாகேட்' என்று பெயர் வந்தது. ஜேம்ஸ் பிரைடில் என்ற பிரித்தானிய எழுத்தாளர் அந்த நவம்பரில் எழுதிய கட்டுரைக்குப் பிறகு ஊடகங்கள் இன்னும் உரக்கப் பேசின. யூடியூப் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வீடியோக்களை நீக்கியது. நீக்கினார்கள், உண்மை. ஆனால் அந்த வியாபாரம் செத்துப் போகவில்லை. பிள்ளை பார்க்கிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் யாருக்கோ விளம்பரக் காசு போகிறவரை அதே சாமான் வேறு பெயரில் வரும்.

நாலு வயதுப் பிள்ளைக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. அது வாசிப்பது படத்தை. தெரிந்த முகமும் பெரிய கண்ணும் மஞ்சள் நிறமும் இருந்தால் விரல் அங்கேதான் போகும். தயாரிக்கிறவனுக்கு இது நன்றாகத் தெரியும். யூடியூப்பின் கணினி பெரிதும் கவனிப்பது இது: இந்தப் போனை வைத்திருப்பவர் எதை நிறுத்தாமல் பார்த்தார் என்பது. பிள்ளை பயத்தில் உறைந்துபோய்ப் பார்த்தாலும் சந்தோஷத்தில் பார்த்தாலும் அதற்கு ஒரே கணக்கு. அதற்கு மேல், போன் நம்முடையது. இரவில் நாம் பார்க்கிற கொலைச் செய்தியும் சினிமாச் சண்டையும் அதே கணக்கில்தான் சேருகின்றன.

யூடியூப்பில் சொந்தமாகக் கணக்கு வைத்திருக்க 13 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது அவர்களுடைய சொந்த விதி. சிறுவர்களின் விபரத்தைப் பெற்றோரின் சம்மதமில்லாமல் திரட்டினார்கள் என்று அமெரிக்காவில் 2019 செப்டெம்பரில் கூகுளும் யூடியூப்பும் 17 கோடி டொலர் கட்ட ஒத்துக்கொண்டன. அதன் பிறகுதான், 2020 ஜனவரியிலிருந்து, 'சிறுவர்களுக்கானது' என்று குறித்த வீடியோக்களில் பின்னூட்டமும் ஆளைப் பின்தொடரும் விளம்பரமும் நின்றன. அந்தக் குறியைப் பெரும்பாலும் வீடியோ ஏற்றுகிறவரே போடுகிறார் என்பதை மறந்துவிடாதீர்கள்.

அதனால் "நல்ல சனல் ஒன்று சொல்லுங்கோ" என்று என்னிடம் கேட்கிற தாய்மாருக்கு முதலில் நான் சொல்வது சனலின் பெயரை இல்லை. நல்லவை இருக்கின்றன. 2013இல் சென்னையில் தொடங்கிய சூசூ டிவியைத் தெரியாத பிள்ளை இன்று குறைவு, தமிழிலும் அவர்களிடம் பாட்டுகள் உண்டு. ஆனால் நல்ல சனல் அந்தப் பாட்டு முடியும்வரைதான் நல்ல சனல். பிறகு வருவது அவர்கள் கையிலும் இல்லை, உங்கள் கையிலும் இல்லை. யூடியூப்பில் 'ஓட்டோப்ளே' என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அடுத்த வீடியோவைத் தானாக ஓடவிடுவது அதுதான். இதை வாசித்துக்கொண்டிருக்கும்போதே அதை நிறுத்துங்கள். ஹிஸ்டரியை அழித்துவிட்டு, பிள்ளைக்கென்று கூகுளின் 'ஃபெமிலி லிங்க்'கில் தனிக் கணக்குத் திறக்கலாம். அதுவும் உதவி செய்யும். ஆனால் நான் கண்ட பெரிய பாதுகாப்பு இதையெல்லாம் விடச் சுலபமானது. வேண்டியதை முதலே இறக்கி வைத்துக்கொண்டு, டேட்டாவையும் வைஃபையையும் நிறுத்திவிட்டுப் போனைக் கொடுங்கள். டேட்டா இல்லாத போனுக்குள் அடுத்தது என்று ஒன்று வராது.

இறக்கி வைக்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது, அதுவும் காசில்லாமல். இந்தியாவின் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் குவிந்து கிடக்கின்றன. ஒரு பக்கத்துக்கு ஒரு வரி உள்ள கதையிலிருந்து நீண்ட கதை வரை படிப்படியாக வைத்திருக்கிறார்கள். பிடிஎஃப் ஆக இறக்கலாம், அச்சடிக்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள். எங்கள் இலங்கைக் கல்வி அமைச்சின் 'ஈ-தக்சலாவ' தளத்தில் முதலாம் தரத்திலிருந்து தமிழிலும் பாடங்கள் இருக்கின்றன. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் பாடப்புத்தகங்கள் முழுதாகக் கிடைக்கும். ஆங்கிலம் பழக்க விரும்புகிறவர்களுக்கு 'கான் அகடமி கிட்ஸ்' இலவசம், விளம்பரமே கிடையாது. ஒரு விளம்பரமும் இல்லாத செயலி எவ்வளவு பெரிய நிம்மதி என்பது, பிள்ளை தெரியாமல் தட்டிய விளம்பரத்தால் ரீலோட் காசு நாளாந்தம் வெட்டுப்பட்டுப் போன வீட்டுக்காரருக்குத்தான் தெரியும். எங்கள் பக்கத்து வீட்டில் அது இரண்டு மாதம் நடந்தது. ஏதோ விளையாட்டுச் சேவைக்குச் சேர்ந்துவிட்டதாகக் கணக்கு. சேர்ந்தது மூன்று வயதுப் பையன்.

2005இலிருந்து இயங்கும் 'நூலகம்' தளத்தை நான் தனியாகச் சொல்ல வேண்டும். ஈழத்தில் வெளிவந்த புத்தகங்களையும் சஞ்சிகைகளையும் பக்கம் பக்கமாக ஸ்கான் செய்து வைத்திருக்கிறார்கள். அங்கே தேடிப் பார்க்க ஒரு பெயர் சொல்கிறேன். பேராசிரியர் சி. மௌனகுரு 1943இல் இதே அமிர்தகழியில் பிறந்தவர். 'தப்பி வந்த தாடி ஆடு', 'வேடனை உச்சிய வெள்ளைப் புறாக்கள்' என்று சிறுவர் நாடகங்கள் எழுதியவர். எங்கள் ஒழுங்கையில் பிறந்த ஒருவர் பிள்ளைகளுக்காக ஆடும் புறாவும் பேசுகிற நாடகம் எழுதியிருக்க, அந்தப் பெயர்களே தெரியாத பிள்ளைகள் அதே ஒழுங்கையில் இருந்துகொண்டு மொழியில்லாத சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு இது தாங்கவில்லை. என் பேத்தி போனைப் பார்த்து என்னைப் 'பாட்டி' என்று கூப்பிடத் தொடங்கியிருந்தாள். அம்மம்மா என்ற சொல் அவள் வாயிலிருந்து கழன்று போனதை நான் கவனித்தேன். கவனித்தும் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

எவ்வளவு நேரம் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019 ஏப்ரலில் சொன்னது இது: இரண்டு வயது ஆகும்வரை திரையே வேண்டாம். இரண்டிலிருந்து நாலு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகக் கூடாது, அதிலும் குறைந்தால் நல்லது. சோறு தீத்தும்போது போன், உறங்க வைக்கப் போன் என்றால் அந்த ஒரு மணித்தியாலம் காலைச் சாப்பாட்டோடு முடிந்துவிடும். 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் மூடியபோது படிப்பு வட்ஸ்அப்பில் வந்தது. அன்று வேறு வழி இருக்கவில்லை. அக்காவுக்கென்று வாங்கிய போன் தம்பியின் கைக்குப் போனது அப்போதுதான். பள்ளிக்கூடம் திறந்து எத்தனை வருடம்! தம்பியின் கையிலிருந்து அது இன்னும் திரும்பவில்லை.

இதை வாசித்துப் பதறி, கிடைத்த எல்லா எச்சரிக்கையையும் குறூப்புகளுக்கு அனுப்பிவிடாதீர்கள். 2019 பெப்ரவரியில் 'மோமோ' என்று ஒரு பயங்கர முகத்தின் படம் சுற்றியது. வீடியோக்களுக்கு நடுவில் வந்து பிள்ளைகளைத் தற்கொலைக்குத் தூண்டுகிறது என்றார்கள். அது ஒரு ஜப்பானியக் கலைஞர் செய்த சிலை. பிள்ளைகளுக்குத் தீங்கு நடந்ததற்கு ஆதாரமில்லை என்று பிரித்தானியச் சிறுவர் நல அமைப்புகளே சொன்னன. அந்த முகத்தைப் பிள்ளைகளின் கண்ணில் கொண்டுபோய்க் காட்டியது பெரியவர்கள் அனுப்பிய எச்சரிக்கைதான்.

அதே குறூப்புகளில் வருகிற இன்னொன்று என்னை இன்னும் பயப்படுத்துகிறது. 'புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள் இலவசம்', 'மாணவர்களுக்கு இலவச டேட்டா', கீழே ஒரு லிங்க். தட்டினால் ஏதாவது செயலியை இறக்கச் சொல்லும், இல்லையென்றால் பிள்ளையின் பெயர், பள்ளிக்கூடம், உங்கள் இலக்கம், பிறகு ஓடிபி கேட்கும். ஐந்தாம் தரத்துப் பிள்ளை வைத்திருக்கிற தாயின் அவசரத்தைத் தெரிந்துகொண்டு விரித்த வலை இது. கடந்த கால வினாத்தாள்கள் பரீட்சைத் திணைக்களத்தின் தளத்திலேயே இருக்கின்றன. வினாத்தாளுக்கு யாரும் ஓடிபி கேட்கமாட்டார்கள்.

நாமே கொண்டுபோய்ப் போடுவதும் இருக்கிறது. முன்பள்ளி விளையாட்டுப் போட்டி, கலைவிழா, தீர்த்தக் குளத்தில் பிள்ளை குளிப்பது, எல்லாம் பேஸ்புக்கில், எல்லாரும் பார்க்கத் திறந்தபடி. பெயர், சட்டையில் பள்ளிக்கூடத்து பட்ஜ், இடம். 2019 பெப்ரவரியில் சிறுவர்கள் தோன்றும் கோடிக்கணக்கான வீடியோக்களில் பின்னூட்டத்தை யூடியூப் மூடியது. சாதாரண வீட்டு வீடியோக்களுக்குக் கீழே கெட்ட ஆம்பிளைகள் கூடி நின்று பேசியது அம்பலமானதால்தான் மூடினார்கள். பிள்ளை குளிக்கிற படத்தை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

பேத்திக்கு ஊசி போட்டாயிற்று. மிஸ் ஊசியில்லாத ஒரு வெறும் சிரிஞ்சைக் கொடுத்து, வீட்டில் பொம்மைக்கு மருந்து ஏற்றி விளையாட விடச் சொன்னா. ஒரு கிழமை பொம்மைக்கும் எனக்கும் மாறி மாறி ஏற்றினாள். முதல் இரண்டு நாளும் குத்திவிட்டுச் சிரித்தாள். மூன்றாம் நாள் "நோகுதா அம்மம்மா?" என்று கேட்டாள்.

இன்றிரவு பிள்ளை உறங்கியதும் போனை எடுத்து ஹிஸ்டரியைத் திறந்து பாருங்கள். நேற்றுப் பின்னேரம் நாலு மணிக்கு என்ன ஓடியது? கீழே கீழே போங்கள், முதல் நாலைந்தோடு நிறுத்திவிடாதீர்கள். கண்டதற்குப் பிள்ளையை ஏசாதீர்கள், ஏசினால் அடுத்த முறை ஒளித்துப் பார்க்கும். முன்பின் தெரியாத யாராவது பிள்ளையோடு பேசியிருந்தாலோ படம் கேட்டிருந்தாலோ, ஒன்றையும் அழிக்காமல் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துக்கொண்டு, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929க்கு அழையுங்கள். இரவென்றாலும் எடுப்பார்கள், தமிழில் சொல்லலாம்.