நர்ஸிங் முடிச்சாச்சா? ஒரிஜினல் சான்றிதழைக் கொடுக்கும் முன் இதைப் படிங்க!

முதல் வேலை கிடைத்ததும் சம்பளம் எவ்வளவு என்றுதான் பார்ப்போம். ஆனால், அதற்கு முன் கவனிக்க வேண்டியவை இவை.

பதிவு: 4 ஆண்டு பி.எஸ்சி நர்ஸிங்கோ, 3 ஆண்டு ஜி.என்.எம் டிப்ளமோவோ, எதை முடித்தாலும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்யுங்கள். அரசு வேலைக்கான எம்.ஆர்.பி தேர்வுக்கும் இந்தப் பதிவு அவசியம்.

பாண்ட்: சில தனியார் மருத்துவமனைகள், 'பாதியில் போய்விடக் கூடாது' என்று ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்கின்றன. திடீரென அரசு வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு வந்தால், கையில் எதுவும் இருக்காது. ஒரிஜினலைக் காட்டிவிட்டு, ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்றால், எந்தெந்தச் சான்றிதழ், எப்போது திரும்பக் கிடைக்கும் என்று எழுதிக் கையெழுத்துடன் ரசீது வாங்குங்கள். பாண்ட் பேப்பரின் நகலும் உங்களிடம் இருக்கட்டும்.

விலகும்போது: சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். ராஜினாமாவை எழுதிக் கொடுத்து, அனுபவச் சான்றிதழ் வாங்குங்கள். அடுத்த வேலையில் சம்பளம் பேச அதுதான் கைகொடுக்கும்.

வெளிநாடு: தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் முதலில் விசாரியுங்கள். தனியார் ஏஜென்ட் என்றால், மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். அவர்கள் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி-யும்தான் வாங்கலாம். லட்சங்களில் கேட்டால், அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.