குழந்தைக்கு இருமல் சிரப் எதற்கு?

குழந்தைகளுக்குச் சளியோடு வரும் இருமல் பெரும்பாலும் வைரஸ் வேலை. ஓரிரு வாரத்தில் தானாகவே அடங்கிவிடும். மூச்சுக்குழாயில் சேரும் சளியை வெளியே தள்ள உடம்பு செய்யும் முயற்சிதான் இருமல். சிரப் அந்த வைரஸை ஒன்றும் செய்வதில்லை; சிறு பிள்ளைகளின் இருமலை அது குறைக்கிறது என்பதற்கும் நல்ல சான்று இல்லை. ஆனால் மயக்கம், படபடப்பு போன்ற தொல்லைகள் வரலாம்.

அதைவிடக் கொடியது கலப்படம். சிரப்பில் மருந்தைக் கரைக்க புரோபிலீன் கிளைகால், கிளிசரின் போன்றவற்றைச் சேர்ப்பார்கள். மருந்துத் தரமானவற்றுக்கு விலை அதிகம் என்று தொழிற்சாலைச் சரக்கை வாங்கினால், அதில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நஞ்சு இருக்கக்கூடும். அதற்கு நிறமில்லை, சுவையும் இனிப்பு. வீட்டில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. சிறுநீரகத்தை அது செயலிழக்கச் செய்துவிடும். 2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இப்படித்தான் இறந்தார்கள். அவர்கள் குடித்த 'கோல்ட்ரிஃப்' நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. 0.1 சதவீதத்தைத் தாண்டக்கூடாத நஞ்சு அதில் 48.6 சதவீதம் இருந்ததைத் தமிழகத்தின் பரிசோதனையே காட்டியது. 1972-லேயே சென்னையில் இதே நஞ்சுக்கு 15 குழந்தைகளைப் பறிகொடுத்திருக்கிறோம். அரை நூற்றாண்டு கழித்தும் மூலப்பொருளைச் சோதிக்காமல் மருந்து காய்ச்ச விட்டது மன்னிக்க முடியாத அலட்சியம்.

சிந்த்வாரா சாவுகளுக்குப் பிறகு மத்திய சுகாதாரத் துறை மறுபடியும் சொன்னது: இரண்டு வயதுக்குள் இருமல், சளி மருந்து கூடாது, ஐந்து வயது வரையிலும் பொதுவாகத் தேவையில்லை.

அப்படியானால் என்ன செய்வது? ஆறு மாதத்துக்குள் தாய்ப்பால் மட்டும், அதற்கு மேல் வெதுவெதுப்பான நீரும் அடிக்கடி கொடுங்கள். மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு போதும். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குப் படுக்கும் முன் சிறிது தேன் கொடுக்கலாம். அதற்குக் கீழே தேன் கூடவே கூடாது. மருத்துவரே சிரப் எழுதினால், மூடியோடு வரும் அளவுக் கிண்ணத்தில் மில்லி பார்த்து ஊற்றுங்கள், சமையலறைக் கரண்டியில் வேண்டாம். அண்ணனுக்கு வாங்கி மிச்சமிருப்பதைத் தம்பிக்குக் கொடுக்காதீர்கள்.

மூச்சு வாங்கினாலோ, நெஞ்சுக்கூடு உள்ளிழுத்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ காத்திருக்க வேண்டாம். மருந்து கொடுத்தபின் வாந்தி வந்து, சிறுநீர் குறைந்தால், அந்த பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.