கரி மூட்டை இருக்கிறது, சான்று எங்கே?

மருத்துவமனைக்குப் பின்னால் வாய்க்காலில் ஓடும் கழிவுநீரைச் செல்போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடுகிறோம். பார்த்தவர்கள் கோபப்படுகிறார்கள். யாரோ ஒருவர் அந்தத் தண்ணீரைப் பழைய குடிநீர் பாட்டிலில் பிடித்துக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போகிறார். அங்கிருந்து மனு ஒன்றிய அலுவலகத்துக்கும், அடுத்து சுகாதாரத் துறைக்கும் போகிறது. கடைசியில் ‘மனு முடித்துவைக்கப்பட்டது’ என்று ஒரு குறுஞ்செய்தி வரும். வாய்க்காலில் மட்டும் எதுவும் முடிந்திருக்காது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஊர்ப்பெயர் மாறுகிறதே தவிர கதை மாறுவதில்லை. இப்போது கூடுதலாக ஒரு பதிலும் காதில் விழுகிறது: “கரி போட்டு வடிகட்டித்தான் விடுறோம், கவலைப்படாதீங்க.” தேங்காய்ச் சிரட்டை, நெல் உமி, முந்திரித் தோடு, சீமைக் கருவேலம் ஆகியவற்றில் செய்த கரி ஆன்டிபயாடிக் மருந்துகளைத் தண்ணீரிலிருந்து பிடித்துவைக்கும் என்பது உண்மை. ஆனால் எந்தக் கரி, எந்த இடத்தில், எத்தனை நாளைக்கு என்று கேட்காமல் தலையாட்டிவிட்டு வந்தால் நாம்தான் ஏமாளிகள்.

ஏன் பயப்பட வேண்டும்?

அமாக்ஸிசிலின் மாத்திரையில் ஏறத்தாழ 60 சதவீதம், விழுங்கிய ஆறேழு மணி நேரத்தில் சிறுநீரோடு மருந்தாகவே வெளியேறிவிடுகிறது. நூறு பேர் சிகிச்சை பெறும் இடத்தில் கழிப்பறைக் குழாய் வழியாக எவ்வளவு போகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நம் மாவட்டத்தில் வற்றாத ஆறு கிடையாது. வாய்க்காலில் விடுவது எதுவானாலும் கண்மாய்க்கோ ஊரணிக்கோதான் போய்ச் சேரும். ஆடுமாடு குடிப்பதும் வயலுக்குப் பாய்வதும் அதே தண்ணீர்தான்.

அதைக் குடித்தவர் உடனே விழுந்துவிடுவார் என்பதல்ல அச்சம். கொல்லாத அளவு மருந்தில் கிடக்கும் பாக்டீரியாக்களில் அதைத் தாங்குபவை மட்டும் பிழைத்துப் பெருகுகின்றன. சிப்ரோஃப்ளாக்ஸசின் ஒரு லிட்டரில் 0.064 மைக்ரோகிராமைத் தாண்டினாலே இந்த ஆபத்து தொடங்கலாம் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். ஹைதராபாத் அருகே பட்டன்செருவில், மருந்து ஆலைகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில், அதே மருந்து லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்ததாக 2007இல் வெளியான ஆய்வு சொன்னது. அதுவும் ‘சுத்திகரித்த’ தண்ணீர்தான். மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றால் 2019இல் மட்டும் உலகில் 12.7 லட்சம் பேர் இறந்ததாக லான்செட் இதழ் 2022இல் கணக்கு வெளியிட்டது.

கரி செய்யும், செய்யாது

சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் சீமைக் கருவேல மரத்திலிருந்து செறிவூட்டிய கரி தயாரித்து, வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோல் மருந்தைத் தண்ணீரிலிருந்து நீக்கிக் காட்டினார்கள். 2018இல் அந்த ஆய்வு வெளியானது. நாம் வெட்டி எறிய முடியாமல் திணறும் மரத்துக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு. ஆனால் மூன்று விஷயங்களை மனதில் வைக்க வேண்டும்.

ஒன்று, கரிமூட்டத்தில் எடுக்கும் அடுப்புக்கரி வேறு, செறிவூட்டிய கரி வேறு. நீராவியோ அமிலமோ காரமோ கொண்டு, உயர்ந்த வெப்பத்தில் நுண்துளைகளைத் திறந்துவிட்டால்தான் மருந்து போதுமான அளவு ஒட்டும். அமிலம் வாங்கி வீட்டில் முயன்று பார்க்கும் வேலை இல்லை இது.

இரண்டு, சாக்கடை நீரை நேராகக் கரியில் விட்டால் அழுக்கும் சோப்பும் துளைகளை அடைத்துவிடும், மருந்து நழுவிப் போய்விடும். கசடு நீக்கி, உயிரியல் சுத்திகரிப்பு முடித்த பிறகு கடைசிக் கட்டமாகத்தான் கரி வர வேண்டும். முறையான சுத்திகரிப்பு நிலையம் இல்லாத இடத்தில் கரித் தொட்டி மட்டும் இருந்தால் அது வெறும் கண்துடைப்பு.

மூன்றாவதுதான் அதிகம் அலட்சியப்படுத்தப்படுவது. கரி மருந்தை அழிப்பதில்லை, பிடித்து வைத்துக்கொள்கிறது. துளைகள் நிரம்பியதும் வருவதை அப்படியே விட்டுவிடும். மருந்து உற்பத்தியில் பயன்படுத்திய கரியை 2016ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகள் தங்கள் பட்டியலில் வைத்திருக்கின்றன. பயன்படுத்திய கரியை ‘நல்ல உரம்’ என்று யாராவது இலவசமாகக் கொடுத்தால் வயலில் போடாதீர்கள். அடுப்பிலும் எரிக்காதீர்கள்.

‘அளவுக்குள் இருக்கிறது’ என்ற பதில்

மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் 2016, மருத்துவமனைக் கழிவுநீருக்கு வரம்பு வகுத்திருக்கின்றன. பி.ஓ.டி. (உயிரியல் ஆக்ஸிஜன் தேவை) லிட்டருக்கு 30 மில்லிகிராம், சி.ஓ.டி. (வேதி ஆக்ஸிஜன் தேவை) 250, மிதக்கும் திடப்பொருள் 100. அந்த நீரில் விட்ட மீன்களில் 90 சதவீதம் 96 மணி நேரம் உயிரோடு இருக்க வேண்டும். ஆன்டிபயாடிக்குக்குத் தனி வரம்பு இதில் இல்லை. மருந்து ஆலைகளுக்காவது கொண்டுவரலாம் என்று மத்திய அரசு 2020 ஜனவரியில் வரைவு வெளியிட்டது. 2021 ஆகஸ்டில் வந்த இறுதி அறிவிக்கையில் அந்தப் பகுதியையே காணோம். ஆகவே அதிகாரி ‘எல்லாம் அளவுக்குள்’ என்றால், மருந்து இல்லை என்று பொருள் கொள்ளாதீர்கள். மருந்தை அவர்கள் அளக்கவே இல்லை.

அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இருக்கும் வரம்பையே பலர் மதிப்பதில்லை, பிடி அங்கேதான் கிடைக்கும். பத்துப் படுக்கைக்குக் குறைவான மருத்துவமனைகளும் 2019 டிசம்பர் 31க்குள் இந்த வரம்புக்கு வந்திருக்க வேண்டும். படுக்கையே இல்லாத கிளினிக்கும் பரிசோதனைக் கூடமும் தொற்றுள்ள கழிவுநீரைக் கிருமிநீக்கம் செய்யாமல் வெளியே விடக்கூடாது. காலாவதியான ஆன்டிபயாடிக் மஞ்சள் பைக்குத்தான் போக வேண்டும், கழிவுத் தொட்டிக்கு அல்ல.

எங்கே போவது, என்ன எழுதுவது

மனு போக வேண்டிய இடம் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் புதுக்கோட்டை மாவட்ட சுற்றுச்சூழல் பொறியாளர். தாலுகா ஆபீஸ் அல்ல. நகலை ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து, மனு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். எண் வாங்காமல் திரும்பாதீர்கள்.

மனுவின் பொருள் வரியிலேயே ‘நீர் மாசு தடுப்புச் சட்டம் 1974, பிரிவு 21இன் கீழ் கழிவுநீர் மாதிரி எடுக்கக் கோருதல்’ என்று எழுதுங்கள். கழிவுநீர் வெளியேறும் இடத்தின் சர்வே எண், அது போய்ச் சேரும் கண்மாயின் பெயர், எந்த நேரத்தில் விடுகிறார்கள், எடுத்த படங்களின் தேதி ஆகியவற்றைக் கட்டாயம் சேருங்கள். இரவிலும் மழை நாளிலும்தான் விடுகிறார்கள் என்றால் அதையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் அதிகாரி பகல் பதினொரு மணிக்கு வந்து காய்ந்த வாய்க்காலைப் பார்த்துவிட்டுப் போவார்.

நீங்கள் பாட்டிலில் பிடித்த தண்ணீர் சட்டப்படியான மாதிரி ஆகாது. அதிகாரி நிறுவனத்துக்கு அறிவிப்புக் கொடுத்து, அவர்கள் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு, கையெழுத்து வாங்கி ஆய்வகத்துக்கு அனுப்பினால்தான் அது வழக்கில் நிற்கும். மறுபடியும் சொல்கிறேன், பாட்டிலை நம்பாதீர்கள்.

அடுத்தது தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அதே அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) பதிவு செய்து அனுப்புங்கள். ‘மாசு உள்ளதா?’ என்று கேட்டால் பதில் வராது, ஆவணத்தைத்தான் கேட்க வேண்டும். அந்த நிறுவனத்தின் இயக்க இசைவாணை நிபந்தனைகளோடு, மருத்துவக் கழிவு அனுமதியான படிவம் 3, ஆண்டுதோறும் ஜூன் 30க்குள் தர வேண்டிய படிவம் 4 மூன்று ஆண்டுகளுக்கு, ஆய்வறிக்கைகள், கழிவுநீர்ப் பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றின் நகல் கேளுங்கள். கரித் தொட்டி இருப்பதாகச் சொன்னால் கரி மாற்றிய தேதிகளையும், பழைய கரியை யாரிடம் ஒப்படைத்தார்கள் என்ற பதிவேட்டையும் சேர்த்துக் கேளுங்கள். பெரும்பாலான கதைகள் இந்தக் கேள்வியில்தான் உடையும்.

முப்பது நாளில் பதில் வராவிட்டால், அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்குக் கட்டணமில்லை. அதுவும் பலிக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். கையில் ஆவணம் வந்த பிறகும் கழிவு ஓடினால் சென்னையில் உள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போகலாம். வழக்குக் காரணம் எழுந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். மனு போட்டுவிட்டுக் காத்திருந்தே அந்தக் கெடுவைத் தவறவிடுகிறார்கள்.

மணமேல்குடி, மீமிசல் பக்கம் இறால் பண்ணைக் கழிவு என்றால் வழி வேறு. பண்ணைக்குக் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தின் பதிவு எண் இருக்கிறதா என்று மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். குளோராம்பெனிகால், நைட்ரோஃபியூரான் வகை மருந்துகளுக்கு அங்கே முழுத் தடை.

நம் பங்கு

மீதி மாத்திரையைக் கழிப்பறையில் கொட்டாதீர்கள், ஊரணிக் கரையிலும் வீசாதீர்கள். தூய்மைப் பணியாளரிடம் மற்ற குப்பையோடு கலக்காமல் தனியாகக் கொடுங்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் கேட்காதீர்கள். செஃபிக்ஸிம் போன்ற மருந்துகளை யாருக்கு, யார் சீட்டின்பேரில் விற்றோம் என்று பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும் என்பது 2014 மார்ச் முதல் மருந்துக் கடைகளுக்குச் சட்டம்.

கேரளத்தில் 2025இல் கோழிக்கோட்டில் பழைய மருந்துகளை வீடுகளிலிருந்து திரும்ப வாங்கும் திட்டம் தொடங்கியது. புதுக்கோட்டை மாநகராட்சி ஏன் செய்யக்கூடாது? ஊராட்சிகளில் இருப்பவர்கள் அடுத்த கிராம சபையில் இரண்டு தீர்மானம் போடுங்கள்: பழைய மருந்து சேகரிக்க ஒரு பெட்டி, கண்மாய் வரத்து வாய்க்காலில் மருத்துவக் கழிவுநீர் கலப்பது பற்றி வாரியத்தின் ஆய்வு. தீர்மானப் பதிவேட்டில் எழுதியதைப் படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். வாயால் சொன்னது தீர்மானம் ஆகாது.