'நேத்து போறேன்' என்று எந்தப் பிள்ளையாவது சொல்லுமா?

நான்காம் ஆண்டு ஆங்கில நோட்டுகளைத் திருத்தும்போது அடிக்கடி கண்ணில் படும் வாக்கியம் இது: "யெஸ்டர்டே ஐ கோ டு பாசார் மாலாம்." சிவப்பு மையால் 'கோ'வை அடித்துவிட்டு 'வென்ட்' என்று எழுதுகிறோம். அடுத்த வாரமும் அதே 'கோ' வந்து நிற்கிறது.

அந்தப் பிள்ளையிடமே, "நேத்து எங்கய்யா போன?" என்று கேட்டுப் பாருங்கள். "பாசார் மாலாம் போனேன் டீச்சர்" என்றுதான் பதில் வரும். "நேத்து போறேன்" என்று ஒரு பிள்ளையும் சொல்லாது. காலம் காட்டத் தெரியாத பிள்ளை இல்லை அது. மலாயில் வினைச்சொல் உருமாறுவதில்லை; நேற்றும் 'பெர்கி', நாளையும் 'பெர்கி'. ஆங்கிலம் எழுதும்போது அந்தப் பழக்கம் கூடவே வந்துவிடுகிறது. இங்கே கை கொடுக்கக்கூடியது தமிழ்தான்.

காலம்: மூன்று கட்டம்

வெண்பலகையில் நேற்று, இப்போது, நாளை என மூன்று கட்டங்கள் போடுங்கள். போனேன், போய்க்கொண்டிருக்கிறேன், போவேன் என்று பிள்ளைகளே வாயால் சொல்லட்டும். பிறகு வென்ட், ஆம் கோயிங், வில் கோ என்று அடியில் எழுதுங்கள். 'சாப்பிட்டிருக்கிறேன்' என்பதற்குப் பக்கத்தில் 'ஹேவ் ஈட்டன்' வைத்தால், "ஐ ஈட் ஆல்ரெடி" மெல்லக் குறையும்.

ஒரு பொறி உண்டு. தமிழில் 'போகிறேன்' என்பது தினமும் போவதற்கும் வரும், இந்த நேரம் போவதற்கும் வரும். ஆங்கிலத்தில் அவை இரண்டு. அதனால்தான் "ஐ ஆம் கோயிங் டு ஸ்கூல் எவ்ரிடே" வருகிறது. 'தினமும்' என்ற நான்காவது கட்டத்தைச் சேர்த்துவிடுங்கள்.

முன்னிடைச் சொற்கள்: நேரத்தில் தொடங்குங்கள்

நாம் பெயருக்குப் பின்னால் ஒட்டுவதை ஆங்கிலம் முன்னால் வைக்கிறது. இதை முதலில் சொல்லிவிடுங்கள். நேரத்துக்கு நம்மிடமே மூன்று வடிவம் இருக்கிறது:

- எட்டு மணிக்கு: அட்
- திங்களன்று: ஆன்
- மார்ச்சு மாதத்தில்: இன்

இடத்துக்கு வரும்போதுதான் சிக்கல். பையில், சுவரில், நிலையத்தில் எல்லாமே நமக்கு 'இல்'. மலாயிலும் எல்லாம் 'டி'. ஆங்கிலமோ உள்ளே என்றால் 'இன்', மேலே ஒட்டி என்றால் 'ஆன்', ஒரு புள்ளி என்றால் 'அட்' என்று பிரிக்கிறது.

ஒரு பயணப் பயிற்சி

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குப் பேருந்துப் பயணம். 'ஃப்ரம்' தாப்பா, 'ஆன்' த பஸ், 'அட்' லாத்தா இஸ்கண்டார், 'டு' தானா ராத்தா. நான்கு சொல்லும் ஒரே கதைக்குள் வந்துவிடும். "ஏன் டீச்சர் இன் த கார், ஆன் த பஸ்?" என்று கேட்பார்கள். "பஸ்ஸுக்குள்ள எழுந்து நடக்கலாம், கார்ல முடியுமா?" என்று திருப்பிக் கேளுங்கள். அதே கதையை நேற்று நடந்ததாக ஒரு முறை, நாளை நடக்கப்போவதாக ஒரு முறை எழுதச் சொன்னால் காலமும் பயிற்சியாகிவிடும்.

யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் அகற்றப்பட்டுவிட்டது. ஆனால் இடைநிலைப்பள்ளிக்குப் போனதும், நாலு பேர் முன்னால் ஆங்கிலத்தில் வாய் திறக்கத் தயங்கும் நம் பிள்ளையின் கூச்சம் அகலவில்லை. "உனக்குத் தெரிஞ்சதுதான்யா, தமிழ்ல தினமும் சொல்றியே" என்று ஒரு முறை காட்டிவிடுங்கள். சிவப்பு மை செய்யாததை அது செய்யும்.